இருநூற்றுப் பன்னிரண்டாவது அடி

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தரைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி கீழே, பாறையைக் குடைந்துகொண்டிருந்த பிட் என்ற துளைமுனை திடீரென்று பிடிமானம் இல்லாமல் பதினோரு அடி சரிந்து விழுந்தது. மேலே அதைத் தாங்கிப் பிடித்த ரிக் என்ற துளைக்கோபுரம் முழுவதும் ஒரு முறை குலுங்கி நின்றது. மேடையில் நின்றிருந்த வெண்டல் டாக்கெட்டின் கையிலிருந்த காபி சட்டையெல்லாம் தெறித்தது.

வெண்டல் ஓக்லஹோமாக்காரன். துளை போடும் தொழிலுக்கு வந்து இருபது வருடமாகிறது. பென்சில்வேனியாவின் மலைகளுக்குக் கீழே ஏழாயிரம் அடி ஆழத்தில் எரிவாயு இருக்கிறதென்று கம்பெனிகள் படையெடுத்து வந்தபோது அவனும் வந்தான். மோசர் பள்ளத்தாக்கை ஒட்டிய இந்த மலைமுகட்டில் நடக்கும் வேலைக்கு அவன்தான் பொறுப்பு. முதலில் நிலத்தடி நீர் இருக்கும் ஆழம்வரை, தூளைக் காற்றால் ஊதி வெளியேற்றியபடி துளைக்க வேண்டும். கேசிங் என்ற இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் விட்டு அடைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஆழத்துக்குப் போவதும், கடைசியில் தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் அசுர அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பதும். தண்ணீர் என்பது அவனுக்கு ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டிய எண். எத்தனை அடியில் ஆரம்பம், எத்தனை அடியில் முடிவு, அவ்வளவுதான்.

காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் அலறிக்கொண்டே இருந்தது. ஆனால் துளையிலிருந்து வெளியே வர வேண்டிய பாறைத்தூள் வரவில்லை. வெளியேறும் குழாயின் வாயில் ஒரு புழுதிகூட இல்லை.

ரிக்கை ஓட்டிக்கொண்டிருந்த கோய் மேபெரி எட்டிப் பார்த்தான். ஆறடி நாலங்குலம். எதற்கும் பதறாதவன்.

"தலைவரே, காத்து உள்ள போகுது. திரும்பி வரல."

"எங்கடா போகுது?"

"அத மலைகிட்டத்தான் கேக்கணும். எங்கிட்ட சொல்லிட்டுப் போகல."

பாறையில் பொந்து அகப்படுவது புதிதல்ல. அகப்பட்டால் பருத்திக்கொட்டை உமியைக் கொட்டுவார்கள், அடங்காவிட்டால் சிமெண்டை ஊற்றுவார்கள். வெண்டல் முக்கால் மணி நேரம் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தான். பதினோரு மணிக்கு நிறுத்தச் சொல்லிவிட்டு சிமெண்ட் லாரிக்கு ஆள் அனுப்பினான். சாயந்தரத்துக்குள் அடைத்துவிட்டு மறுநாள் தொடரலாம் என்று கணக்கு.

பதினொன்றரைக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி சரளைப் பாதையில் தூசி பறக்க ஏறி வந்தது. இறங்கியவளுக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை போட்டிருந்தாள், அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு வாளி.

"இங்க யாரு பெரிய ஆளு?"

"உயரத்துல நான், பொறுப்புல இவரு" என்று கோய் வெண்டலைக் காட்டினான்.

அவள் சிரிக்கவில்லை. வாளியை வெண்டலின் பூட்ஸ் பக்கத்தில் வைத்தாள். உள்ளே பால் கலந்தது போலத் தண்ணீர், அதில் ஒரு முழ நீளத்துக்கு ட்ரௌட் மீன் ஒன்று செவுளை விரித்து விரித்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

"என் பேரு ஆர்டித் ஸ்ட்ரௌப். கீழ மீன் பண்ணை வச்சிருக்கேன். என் ஊத்து இன்னைக்குக் காலையில கொதிச்சுது."

"சுடுதண்ணியா, மேடம்?"

"பச்சத்தண்ணிதான். பானையில சோறு கொதிக்கிற மாதிரி குமிழு குமிழா வந்துச்சு. பத்தரைக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சுது. அப்புறம் வெள்ளையா கலங்கிப்போச்சு. எங்கம்மா என்னைப் பெத்ததுலேர்ந்து அந்தத் தண்ணி ஒரு நாளும் கலங்குனதில்ல."

வெண்டல் அலுவலக வண்டிக்குள் போய் வரைபடத்தை எடுத்துவந்து பிக்கப்பின் முன்பக்கத்தில் விரித்தான். பண்ணை மூன்று மைலுக்கு அப்பால், தெற்கே. நடுவில் ஒரு குன்று வேறு. நிலத்தடி நீர் வடக்கே போவதாகக் கம்பெனியின் நிபுணர் நீல அம்புகள் போட்டிருந்தார்.

"பாருங்க மேடம். இங்கேர்ந்து தண்ணி உங்க பக்கம் வரவே வராது."

"இந்தக் கோட்டைப் போட்டவரு தண்ணிகிட்ட கேட்டுட்டா போட்டாரு?"

கோய் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

"சரி, ஒண்ணு சொல்லுங்க தம்பி" என்றாள் ஆர்டித். "உங்க மிஷினை எப்ப நிறுத்துனீங்க?"

"பதினோரு மணிக்கு."

"பதினொண்ணு அஞ்சுக்கு என் ஊத்து அடங்குச்சு. அடங்குனதும்தான் வண்டி எடுத்தேன்."

வெண்டல் வரைபடத்தை மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி பிரித்து மடித்தான். காற்று மூன்று மைல் பாறைக்குள் ஐந்து நிமிடத்தில் போகாது. பொந்து என்றால் ஒரு அறையளவு இருக்கும், மிஞ்சிப் போனால் ஒரு கொட்டகையளவு. ஆனால் இந்த அம்மாள் சொன்ன இரண்டு நேரங்களும் அவன் நோட்டில் எழுதியிருந்த இரண்டு நேரங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

"கோய், உன் கடிகாரத்தையும் என் கடிகாரத்தையும் ஒண்ணா வச்சுக்குவோம். சரியா ரெண்டு மணிக்கு காத்தைத் தொற. அஞ்சு நிமிஷம். அப்புறம் நிறுத்து. ரெண்டரைக்கு மறுபடி அஞ்சு நிமிஷம்."

"நீங்க எங்க போறீங்க?"

"ஊத்துக்கு."

பண்ணையில் சிமெண்ட் தொட்டிகள் வரிசையாக இறங்கின, மீன்கள் கலங்கிய தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்தபடி நின்றன. அவற்றுக்கெல்லாம் மேலே, சுண்ணாம்புப் பாறையின் அடியில் ஊற்று. நாற்பதடி அகலக் குளம். கலங்கல் ஓரளவு வெளியேறிவிட்டது. நடுவில், பாறை பிளந்த இடத்தில், ஆழம் கரும்பச்சையாகத் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் அங்கிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஒரு தண்ணீர் லாரியை நிரப்ப அதற்கு ஒரு நிமிடம் போதும் போலிருந்தது. இவ்வளவு தண்ணீர் இவ்வளவு அமைதியாக வருவதை வெண்டல் பார்த்ததில்லை. அவன் வளர்ந்த ஊரில் கிணறு என்றால் வறண்டது என்றுதான் பொருள்.

இரண்டு மணி. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு ஒன்று. இரண்டு இரண்டு. ஆர்டித் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டலுக்கு நிம்மதியாக இருக்க ஆரம்பித்தது. இரண்டு நாலுக்கு, கரும்பச்சையின் நடுவிலிருந்து ஒரே ஒரு குமிழி ஏறி வந்தது.

அது மேலே வந்து உடைந்தது. அதன் பின்னால் இரண்டு. பிறகு முத்துச்சரம் போல ஒரு கோடு, அதன் பக்கத்தில் இன்னொன்று. திடீரென்று குளம் முழுவதும் எழும்பிக் கொதித்தது. வெள்ளை நுரை கரையில் மோதியது, குளிர்ந்த திவலை வெண்டலின் முகத்தில் பட்டது. தான் எப்போது மண்டியிட்டோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை உள்ளே விட்டான். விரல்களுக்கு நடுவே காற்று ஓடியது. அது கோய் திறந்துவிட்ட காற்று. அவனுடைய கம்ப்ரஸரின் காற்று. மலைக்குள் நுழைந்து, குன்றின் அடியில் குனிந்து, மூன்று மைல் வந்து அவன் உள்ளங்கையைத் தொட்டுவிட்டுப் போகிறது.

இரண்டு ஒன்பதுக்கு அடங்கியது. இரண்டு முப்பத்து நாலுக்கு மறுபடி எழுந்தது.

"இப்ப நம்புறீங்களா தம்பி?" என்று கேட்டாள் ஆர்டித். அதில் ஏளனம் இல்லை. அவளும் எழுந்து நின்றுவிட்டிருந்தாள்.

"நம்புறேன் மேடம்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "இது பொந்து இல்ல."

மலைக்குத் திரும்பியபோது சிமெண்ட் லாரி வந்து, டிரம்மைச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தது. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஊற்றியிருப்பார்கள். இருபது வருடத்தில் இப்படி எத்தனை பொந்துகளில் ஊற்றியிருப்போம் என்று வெண்டல் எண்ணிப் பார்க்க முயன்றான். எண்ணிக்கை கிடைக்கவில்லை.

"திருப்பி அனுப்பு" என்றான். "அந்த ஓட்டைக்குள்ள ஒரு கைப்பிடி சிமெண்டு போகக்கூடாது. ஒரு கல்லு விழக்கூடாது. வாயை மூடி வை."

ஹூஸ்டனில் இருந்த மேலதிகாரி கார்வருக்குத் தகவல் சொன்னான். கார்வர் தாமதத்தைப் பற்றித்தான் கேட்டார். மாநில அரசின் நிலத்தடிநீர்ப் பிரிவுக்கும் சொன்னான். சொல்லியே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. விதி இல்லாவிட்டாலும் அன்று சொல்லியிருப்பான்.

புதன்கிழமை காலை அந்தப் பிரிவிலிருந்து நெட்டா ப்ரோசெக் வந்து சேர்ந்தாள். பாறையியல் படித்தவள், முப்பத்தைந்து வயது, தண்ணீர்க் கிணறுகளுக்குள் இறக்கும் கேமரா ஒன்றை வண்டியில் கொண்டுவந்திருந்தாள். அதைக் கொதிக்கவைத்த தண்ணீரில் மூன்று முறை கழுவினாள்.

"குழந்தைக்குப் பால் பாட்டில் கழுவுற மாதிரி கழுவுறீங்களே" என்றான் கோய்.

"கீழ என்ன இருக்குன்னு தெரியாதுல்ல. நம்ம அழுக்கை எதுக்கு அதுக்குக் கொடுக்கணும்?"

ஆர்டித்தும் வந்திருந்தாள். நாலு பேரும் அலுவலக வண்டிக்குள் நெருக்கியடித்துத் திரையைப் பார்த்தார்கள். முதலில் சாம்பல் பாறை, ஈரமாக, மெதுவாக மேலேறிப் போனது. நூறு அடி. நூற்றைம்பது. இருநூறு. இருநூற்றுப் பன்னிரண்டில் பாறை முடிந்தது. திரை கறுப்பானது.

"கேமரா அணைஞ்சுடுச்சா?" என்று கேட்டான் வெண்டல்.

"இல்ல" என்றாள் நெட்டா. "வெளிச்சம் தொடுறதுக்குப் பக்கத்துல ஒண்ணும் இல்ல."

அவள் விளக்கைக் கூட்டினாள். தூரத்தில் ஏதோ வெளுத்தது. சுவர். அது ஒரு தேவாலயத்தின் உயரத்துக்குக் கீழே போய்க் கண்ணுக்கு எட்டாமல் மறைந்தது. மெழுகு உருகி வழிந்தது போல வெள்ளைப் பாறை மடிப்பு மடிப்பாக இறங்கியது. மேலிருந்து தொங்கிய குச்சிகள், நூலளவு மெலிசாக, ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு விளக்கில் மின்னியது. அந்தக் கூரையில்தான் அவனுடைய பிட் ஒரு ஓட்டை போட்டிருந்தது. கீழே, உடைந்த வெள்ளைக் குச்சிகள் ஒரு குவியலாகக் கிடந்தன. வெண்டல் அதைப் பார்த்துவிட்டுப் பார்வையை நகர்த்தினான்.

கேமரா மேலும் இறங்கியது. தரை வெறும் சரளை என்று நினைத்தார்கள். படம் ஒரு கணம் நடுங்கி வளையம் வளையமாக விரிந்தபோதுதான் அது தண்ணீர் என்று தெரிந்தது. அவ்வளவு தெளிவு. உள்ளே போனதும் கேமரா பக்கவாட்டில் இழுபட்டது. கம்பி சாய்ந்தது.

"ஓடுது" என்று மெல்லச் சொன்னாள் நெட்டா. "இது ஆறு."

சரளைக்கு மேலே வெள்ளையாக ஏதோ நகர்ந்தன. விரல் நகத்தளவு, இறால் போல, உடம்புக்குள்ளிருப்பது தெரியும்படி கண்ணாடியாய் இருந்தன. கண்கள் இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக இருந்தது. ஐம்பது அறுபது இருக்கும். உலகம் உண்டான நாள்முதல் அங்கே வந்திராத வெளிச்சம் அவற்றின் மேல் விழுந்தது. அவை வெளிச்சத்துக்கு ஒதுங்கவும் இல்லை, நெருங்கவும் இல்லை. தம்பாட்டுக்கு எதையோ மேய்ந்துகொண்டிருந்தன.

கோய் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"இதத்தான் நான் குடிச்சுட்டிருக்கேன்" என்றாள் ஆர்டித். "அறுபத்தோரு வருஷமா."

அது எங்கெல்லாம் போகிறது என்று தெரிய வேண்டும் என்றாள் நெட்டா. வியாழக்கிழமை நண்பகலில், உடம்புக்குக் கெடுதல் செய்யாத பச்சைச் சாயத்தை ஒரு மெல்லிய குழாய் வழியாக அந்த ஆற்றில் விட்டாள். பள்ளத்தாக்கில் சாயத்தைக் காட்டித்தரக்கூடிய ஊற்றுகள், கிணறுகள் எல்லாவற்றுக்கும் ஆள் நிறுத்தினார்கள். தீயணைப்புத் தொண்டர்கள், லூத்தரன் தேவாலயத்துக்காரர்கள், மான் வேட்டைக்கு வந்தவர்கள்கூட நின்றார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள்தான். ஆர்டித்தும் கொடுத்திருந்தாள்.

"நானும் கையெழுத்துப் போட்டவதான்" என்று அவளே வெண்டலிடம் சொன்னாள். "குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்குறது கேஸ்லதானே. கேஸ் வேணாம்னு நான் சொல்லல. எங்க குடைவீங்கன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊற்றங்கரையில் நாற்பது பேராவது கூடிவிட்டார்கள். யாரோ வாத்து வறுவலும் உருளைக்கிழங்கு ரொட்டியும் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். நெட்டாவின் கணக்குப்படி ஒரு வாரம் ஆகலாம், வராமலும் போகலாம். ஒன்பதே முக்காலுக்குக் குளத்தின் அடியில் நிறம் மாறியது. முதலில் சந்தேகம் போலத்தான் இருந்தது. பிறகு, கரும்பச்சை ஆழத்துக்குள்ளிருந்து, இளநெல் பயிரில் வெயில் பட்டது போன்ற ஒரு பச்சை சுருள் சுருளாக எழுந்து வந்தது. குளம் முழுவதும் உள்ளுக்குள் விளக்கேற்றியது போல ஒளிர்ந்தது. தொட்டி தொட்டியாக அது இறங்கியது. மீன்கள் பச்சை ஒளிக்குள் நீந்தின. ஒரு பெண்மணி கையில் பிடித்த ரொட்டியைக் கடிக்காமல் அப்படியே நின்றாள்.

பத்தரைக்கு ஆலைக்குளத்திலிருந்து ஆள் வந்தான், அங்கேயும் பச்சை. பதினோரு மணிக்கு தேவாலயத்துக் குழாயில். அதன் பிறகு தீயணைப்பு நிலையத்தில், வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் சிவப்பு வண்டியில் பச்சைத் தண்ணீர் பட்டதும் குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். மதியத்தில் ஒரு பால்பண்ணைக்காரர், மாட்டுத் தொட்டி பச்சையாகிவிட்டதென்று மாட்டோடு வந்து நின்றார். கடைசியில் பள்ளத்தாக்கில் ஓடும் நதிக்கு அக்கரையிலிருந்து செய்தி வந்தது. அங்கே ஒரு கிணற்றிலும் பச்சை. நதியின் அடியிலேயே புகுந்து போயிருக்கிறது. மொத்தம் பதினேழு இடம்.

நெட்டா ஒவ்வொன்றாக வரைபடத்தில் புள்ளி வைத்தாள். நீல அம்புகள் காட்டிய திசையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்காரர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆக, நாமெல்லாம் ஒரே டம்ளர்லதான் குடிச்சிட்டிருக்கோம்" என்றார். "எனக்கும் எதிர்வீட்டுக்காரனுக்கும் பத்து வருஷமா பேச்சுவார்த்தை இல்ல."

வெண்டல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். அந்த மலைமுகட்டில், துளைக்குப் பக்கத்திலேயே, ஒரு பெரிய குட்டை வெட்டத் திட்டமிருந்தது. பாறையைப் பிளந்துவிட்டுத் திரும்பி வரும் உப்பும் ரசாயனமும் கலந்த கழிவுநீர் லட்சக்கணக்கான கேலன் அதில் தேங்கி நிற்கும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. அது எங்காவது கிழிந்தால், சாயம் ஊற்றுக்கு வர எடுத்த அதே இருபத்தோரு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிடம். அவ்வளவுதான் அவகாசம். அதை இப்போது எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அன்று மாலை கார்வர் கூப்பிட்டார்.

"அந்தப் பொந்தைத் தாண்டி கேசிங்கை இறக்கு. மேலயும் கீழயும் அடைச்சுக்கோ. இதை நீ செய்யாததா? சட்டம் விடுது."

"விடுதுங்க."

"அப்புறம் என்ன?"

"நிலத்தடி நீரைப் பாதுகாத்தாச்சுன்னு கடைசியில நான் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும். இந்த இடத்துல என்னால போட முடியாது. கேசிங்கை ஒழுங்காச் செஞ்சுடுவேன். ஆனா மேல குட்டை வரப்போகுது, லாரி, டீசல் டாங்கி எல்லாம் இருக்கு. எது சிந்தினாலும் நேரா அந்த ஆத்துலதான் விழும்."

"நீ போடலன்னா வேற ஒருத்தன் போடுவான், வெண்டல்."

"போடட்டும். ஆனா போடுறதுக்கு முன்னாடி அவரு அந்தப் படத்தைப் பாக்கணும். நீங்களும் பாருங்க. அனுப்பியிருக்கேன்."

எதிர்முனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. படம் ஓடத் தொடங்கியதும் கார்வர் கேட்டார், குரல் வேறாக இருந்தது: "அது என்ன, வெள்ளையா ஓடுதே?"

"இறால் மாதிரி ஒண்ணுங்க. கண்ணு கிடையாது."

"எவ்வளவு நாளா இருக்காம்?"

"பாறை படிச்ச அந்தப் பொண்ணு சொல்லுது, மனுஷ சாதிக்கு முன்னாடியே இருந்திருக்குமாம்."

பத்து நாள் ரிக் சும்மா நின்றது. வெண்டல் தன் சாமான்களைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டான். வேலை போய்விட்டது என்றே நினைத்தான். பதினோராம் நாள் உத்தரவு வந்தது: இந்த இடத்தைக் கைவிட வேண்டும், ஐந்து மைல் வடக்கே, மலையின் மறுபக்கத்தில், தண்ணீரில் கரைந்து குகை விழாத மணற்பாறை இருக்கும் இடத்துக்கு மாற வேண்டும். படம் பார்த்த கார்வர் பேசினாரா, மாநில அரசு குட்டைக்கு அனுமதி தராது என்றதா, பதினேழு இடத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும் என்று வக்கீல்கள் பயந்தார்களா, வெண்டலுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவனையே பொறுப்பில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தான்.

போவதற்கு முன் அந்தத் துளையை மூட வேண்டும். அதுவரை அவன் செய்த வேலைகளிலெல்லாம் சிறியது அது, அதிகம் பயந்ததும் அதுதான். மேலிருந்து மழைநீர்கூட நேராக உள்ளே விழக்கூடாது. அதே சமயம் மூடுகிற சிமெண்ட் ஒரு துளி ஆற்றில் விழக்கூடாது. ஊதினால் விரியும் ரப்பர் அடைப்பான் ஒன்றை நூற்றுத் தொண்ணூறு அடிக்கு இறக்கி, ஊதி, அது பாறையைக் கவ்வுகிறதா என்று எடை வைத்துச் சோதித்தான். ஒரு முறை வழுக்கியது. எடுத்து, வேறொன்று வரவழைத்து, மறுபடி இறக்கினான். அதன்மேல் வாளி வாளியாக, ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிற பொறுமையோடு, சிமெண்டை வைத்தார்கள். ஒவ்வொரு வாளியும் இறுகிய பிறகே அடுத்தது. இரண்டு நாள் ஆனது.

கீழே ஆர்டித் ஊற்றின் வாயில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கொரு தடவை அவளுடைய பண்ணைத் தொலைபேசியிலிருந்து தகவல் வரும்.

"தெளிவா இருக்கு" என்பாள். வைத்துவிடுவாள். அடுத்த மணிக்கும் அதே.

கடைசி வாளி இறுகியதும் வெண்டலே கூப்பிட்டான். "முடிஞ்சுதுங்க."

"தெளிவா இருக்கு" என்றாள். பிறகு, "சாப்பிட வாங்க தம்பி. அந்த ஒசரமான ஆளையும் கூட்டிட்டு வாங்க."

புதிய இடத்தில் ஜனவரியில் வேலை தொடங்கியது. துளைக்கும் முன் சுற்றுவட்டாரத்தில் நாற்பத்தொரு கிணறுகளின் தண்ணீரை எடுத்துச் சோதித்து எழுதிவைக்கச் செய்தான். உறைபனியில் வீடு வீடாகப் போய்க் குழாயைத் திறக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பலரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள், ஒரு கிழவர் நாயை ஏவினார். "தலைவரு இப்ப கேஸ் எடுக்க வந்தவரா, தண்ணி வாரியத்து ஆளா?" என்று கோய் கேட்டான். கேசிங்கை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு இறக்கினார்கள். சிமெண்ட் அடியிலிருந்து சுற்றி ஏறிச் சாம்பல் குழம்பாக மேலே தலைகாட்டியபோது முன்பெல்லாம் அவன் கையைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவான். இப்போது அது இறங்காமல் நிற்கிறதா என்று பனியில் நின்று பார்த்தான். கழிவுநீருக்குக் குட்டை வெட்டவில்லை, மூடிய இரும்புத் தொட்டிகள் வந்தன. இவற்றையெல்லாம் கேட்டு அவன் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களில் பாதிக்குத்தான் பதில் வந்தது.

இதெல்லாம் போதுமா என்று அவனுக்குத் தெரியாது. ஏழாயிரம் அடிக்குக் கீழே என்ன நடக்கிறதென்று கேமரா இறக்கிப் பார்க்க முடியாது.

மார்ச் கடைசியில் பனி உருகத் தொடங்கிய ஒரு பகலில், பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவே மலைச்சரிவில் வண்டியை ஓட்டிவந்தவன், பாதையோரத்தில் ஒரு சத்தம் கேட்டு நிறுத்தினான். ஓக் மரங்களுக்கு நடுவே ஓர் ஓடை, உருகிய பனியால் பெருத்து, பாறைமேல் துள்ளி வந்தது. முப்பது அடி தள்ளி அதைக் காணவில்லை. இறங்கி நடந்துபோய்ப் பார்த்தான். வேர்களுக்கு நடுவே ஒரு வண்டிச்சக்கர அகலத்துக்குப் பள்ளம். ஓடை மொத்தமும் அதற்குள் இறங்கியது. காய்ந்த இலைகள் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போயின. அடி தெரியவில்லை. இந்தப் பாதையில் முப்பது தடவையாவது வண்டி ஓட்டியிருப்பான்.

கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று இருபது. நாளைக் காலைக்குள் இந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கில் யாரோ ஒருவருடைய சமையலறைக் குழாயில் வரும்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு காலி எண்ணெய் டப்பா கிடந்தது, வேட்டைக்கு வந்தவர்கள் யாரோ போட்டது. துருப்பிடித்திருந்தது, அடியில் கொஞ்சம் எண்ணெய் இன்னும் கறுப்பாக இருந்தது. வெண்டல் வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்து, வேரைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி அதை எடுத்தான். சாய்ந்துவிடாமல் நிமிர்த்திப் பிடித்தபடி, இரண்டு கையாலும் ஏந்தி, வழுக்கும் சரிவில் அடிமேல் அடி வைத்து வண்டிக்குக் கொண்டுபோனான்.